பாண்டியன் செய்த குற்றம் என்ன?

“பஸ்ஸிலிருந்து பெயரை எடுத்தார்கள், தென்மாவட்டம் அமைதியானது.” மதுரையில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் 1997-ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், இந்த வரிதான் வரும். ஓய்வுபெற்ற அதிகாரி சொல்வார், கட்சிக்காரர் சொல்வார், கட்சியே ஆகாது என்பவரும் சொல்வார். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவர்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதாலேயே இதை யாரும் உரசிப் பார்த்ததில்லை. இன்றைக்குத் தெருப்பெயர், பள்ளிப்பெயர், விடுதிப்பெயர் என்று எதை மாற்றப் புறப்பட்டாலும் இதைத்தான் முன்னுதாரணமாக எடுத்து நீட்டுகிறார்கள். அந்த முன்னுதாரணமே தப்பு என்பது என் கட்சி.

நடந்தது இதுதான். 1972 வரை மதுரைக்காரர்களுக்கு பஸ் என்றால் டி.வி.எஸ். நாட்டுடைமை ஆன பிறகு அது பாண்டியன் போக்குவரத்துக் கழகம். சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன். கழகங்கள் பிரியப் பிரியப் பெயர்களும் கூடின: நெல்லையில் கட்டபொம்மன், காரைக்குடியில் மருதுபாண்டியர், திண்டுக்கல்லில் ராணி மங்கம்மாள், நாகர்கோவிலில் நேசமணி, ஈரோட்டில் ஜீவா, திருச்சியில் தீரன் சின்னமலை. மாவட்டங்களுக்கும் இதே வழக்கம் வந்தது. 1985-இல் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது ஒன்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் ஆனது, இன்னொன்று காமராஜர் மாவட்டம் ஆனது. 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் வந்தது. அதற்கு வைத்த பெயர் வீரன் சுந்தரலிங்கம். கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவர். தேவேந்திரகுல சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய வண்டியில் காலை வைக்க மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மறியல், கல்வீச்சு, தீவைப்பு, உயிர்ப்பலி. சில வாரங்களில் கருணாநிதி தலைமையிலான அரசு முடிவெடுத்தது: எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும், எந்த மாவட்டத்துக்கும் இனி எந்தத் தலைவர் பெயரும் கிடையாது. ஆள்பெயர் இல்லாமல் எல்லாம் ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ ஆயின. அடைப்புக்குறிக்குள் ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியது.

இந்த முடிவை ஆதரிப்பவர்களின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முன்வைத்துவிடுகிறேன். ஊர் பற்றி எரியும்போது உயிரைக் காப்பதுதான் அரசின் முதல் கடமை, பெயரெல்லாம் பிறகு. ஒருவர் பெயரை மட்டும் எடுத்தால் அநீதி, எல்லார் பெயரையும் எடுத்தால் சமநீதி. தலைவர் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தொடர்ந்திருந்தால் ஒவ்வொரு சமூகமும் தனக்கொரு கழகம், தனக்கொரு மாவட்டம் என்று கேட்டு வரிசையில் நின்றிருக்கும். அதற்கு முடிவே இருந்திருக்காது. மேலும், பெரியவர்களின் பெயரை ஓட்டை வண்டியில் எழுதி ஊரெல்லாம் புழுதியில் உருட்டுவதில் என்ன மரியாதை இருக்கிறது?

இவற்றில் எதுவும் முட்டாள்தனமான வாதம் இல்லை. மூன்றாவது பெருமளவுக்கு உண்மையும்கூட. ஆனால் இவை நான்கையும் சேர்த்துக் கட்டினாலும் அந்த முடிவைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

முதல் மறுப்பு. பெயரை அழித்ததும் அமைதி வந்ததா? எந்த அமைதி, எந்த ஊரில்?

1997 ஜூன் 30. பெயர்களை எடுத்துவிடும் முடிவு நடப்புக்கு வந்துகொண்டிருந்த நாட்கள். மேலூர் பக்கம் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பல தடங்கல்களைத் தாண்டித் தேர்தல் நடந்து முருகேசன் தலைவராகியிருந்தார். மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் அவர் வந்த பஸ்ஸை மறித்தார்கள். அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அந்த பஸ்ஸின் நெற்றியில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று கொலைகாரர்கள் பார்க்கவில்லை. தலைவர் நாற்காலியில் யார் உட்காரப் போகிறார் என்பதைத்தான் பார்த்தார்கள்.

உசிலம்பட்டி வட்டாரத்துக்கு வாருங்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, கூடவே நாட்டார்மங்கலம். 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஊராட்சிகளில் முறையான தேர்தலை நடத்தி, வென்றவரைப் பதவியில் நிலைக்கச் செய்ய 2006 அக்டோபர் வரை ஆனது. பத்தாண்டு! அந்தப் பத்தாண்டில் ஒன்பது ஆண்டு அந்த வட்டாரத்தில் ஓடியது பெயர் துடைத்த பஸ்தான். ‘பாண்டியன்’ என்ற எழுத்தும் கிடையாது, ‘சுந்தரலிங்கம்’ என்ற எழுத்தும் கிடையாது. வேட்புமனு போட ஆள் வரவில்லை. வந்தவரும் வென்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989-இல் எழுப்பிய சுவர் 2008 மே மாதம்தான், அதுவும் ஒரு பகுதி மட்டும், இடிபட்டது. அந்தச் சுவரில் எந்தத் தலைவர் பெயரையும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. 2011 செப்டம்பரில் பரமக்குடியில் தலித்துகள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் பள்ளிக்கூடத்துப் பையனை வீடு புகுந்து வெட்டியது. எல்லாமே பெயரில்லாத பஸ்களின் காலத்தில் நடந்தவை.

“பஸ்மேல் கல்லெறிவதாவது நின்றதே” என்பார்கள். நின்றது. எறிந்தவர்கள் எதற்காக எறிந்தார்களோ அது கைக்கு வந்துவிட்டது; பிறகு ஏன் எறியப் போகிறார்கள்? கேட்டதைக் கொடுத்துவிட்டு, கேட்பவன் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டான் என்று மெச்சிக்கொள்வதற்கு நிர்வாகத் திறமை என்று பெயர் வைக்க வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு. எல்லார் பெயரையும் எடுத்ததால் அது சமநீதியாகிவிடுமா?

கணக்குப் பாருங்கள். பாண்டியன் 25 ஆண்டு ஓடினார். கட்டபொம்மன் இருபது ஆண்டுக்கு மேல். மருதுபாண்டியர் பத்தாண்டுக்கு மேல். இத்தனை காலமும் இந்தப் பெயர்களால் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பள்ளர், பறையர், நாடார், தேவர், கோனார், செட்டியார் எல்லாரும் கட்டபொம்மனில் ஏறினார்கள், மருதுபாண்டியரில் இறங்கினார்கள், ராணி மங்கம்மாளில் தொங்கிக்கொண்டு போனார்கள். கட்டபொம்மனும் மருதுபாண்டியரும் எந்தச் சாதி என்று தெரியாமலா ஏறினார்கள்? தெரிந்துதான் ஏறினார்கள். சுந்தரலிங்கம் வந்தார், சில வாரத்தில் போனார், போகும்போது மற்ற எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகும்படி ஆக்கினார்கள். நேரடியாகச் சொன்னால், ஒரு தலித் வீரனின் பெயர் அந்த வரிசையில் வந்து நின்ற அன்றைக்குத்தான் வரிசையே கலைக்கப்பட்டது. நாற்காலியில் ஒருவர் உட்காரக் கூடாது என்பதற்காக எல்லா நாற்காலியையும் தூக்கி வெளியே போட்டுவிட்டு, “பாருங்கள், இங்கே எல்லாரும் சமமாக நிற்கிறோம்” என்று சொன்ன கதை.

இதே வாதத்துக்கு அமெரிக்காவில் நீதிமன்ற வரலாறே உண்டு. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் பொது நீச்சல்குளங்கள் இருந்தன. வெள்ளையருக்கு என்றும் கறுப்பருக்கு என்றும் பிரித்து வைத்திருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில், பிரித்து வைப்பது செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் நகராட்சி என்ன செய்தது தெரியுமா? கறுப்பர்களை உள்ளே விடுவதற்குப் பதிலாகக் குளங்களையே மூடிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971-இல் ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நான்கு நீதிபதிகள் மறுபுறமுமாகப் பிரிந்து, எல்லாருக்கும்தானே மூடியிருக்கிறார்கள், இதில் பாகுபாடு ஏது என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பைச் சமத்துவத்தின் வெற்றி என்று இன்றைக்கு யாரும் கொண்டாடுவதில்லை. நம் ஊரில் நடந்த அதே காரியத்தை மட்டும் சமநீதி என்கிறோம்.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜாக்சன் நகராட்சியின் மனசும் அன்றைய தமிழ்நாடு அரசின் மனசும் ஒன்றல்ல. சுந்தரலிங்கத்தின் பெயரை வைக்கும் துணிச்சல் அந்த அரசுக்குத்தான் இருந்தது; அதற்கு முன்பு இருந்த எந்த அரசுக்கும் வரவில்லை. வைத்த பெயரைக் காப்பாற்றத்தான் துணிச்சல் போதவில்லை. எண்ணம் நல்லதாக இருந்தாலும் விளைவு அதேதான்: எவனுக்குப் பிடிக்கவில்லையோ அவன் கையில் தடுப்பு அதிகாரம் போய்ச் சேர்ந்தது. வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவிப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கென்று 1992-இல் கொண்டுவந்த சட்டம் கையில் இருந்தது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருந்தது. பதற்றமான தடங்களில் கொஞ்ச நாள் வண்டியைக் குறைத்துவிட்டு, எரித்தவனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கலாம். ஓட்டுநரும் நடத்துனரும் உயிரைப் பணயம் வைத்து வண்டி எடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வண்டி நிற்கலாம். பெயர் ஏன் போக வேண்டும்?

மூன்றாவது மறுப்பு. தலைவர் பெயரே வேண்டாம் என்று முடிவெடுத்த அரசுகள் அதற்குப் பிறகு தலைவர் பெயர் வைக்காமல் இருந்தனவா?

மதுரையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே போதும். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது 1978-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆனது. இன்றும் அதே பெயர்தான். உள்ளூர் பஸ் நிலையம் பெரியார். மாட்டுத்தாவணி எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்தது கலைஞர் நூற்றாண்டு நூலகம். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்தது கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம். இவை இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கேள்வி வேறு: பஸ் வந்து நிற்கும் நிலையத்துக்குத் தலைவர் பெயர் இருக்கலாம், வந்து நிற்கும் பஸ்ஸுக்கு இருக்கக் கூடாது என்பது என்ன கொள்கை?

மத்திய அரசு பக்கம் போனால் வேடிக்கை இன்னும் கூடுதல். மதுரையிலிருந்து ராத்திரி சென்னைக்குக் கிளம்பும் ரயிலுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர். யாரும் அதன்மேல் கல்லெறியவில்லை. கலவரம் நடந்த அதே விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் கிராம வங்கி இயங்கியது. 2019-இல் பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகும்வரை பெயர்ப்பலகையில் பாண்டியன்தான். பெயர் பிடிக்கவில்லை என்று நகைக்கடன் வாங்காமல் திரும்பிப் போனவர் எவரும் உண்டா? பாண்டியன் என்ற பெயரோடு யாருக்கும் சண்டையே இருந்ததில்லை. சேரனோடும் இல்லை, ஜீவாவோடும் இல்லை. சண்டை ஒரே ஒரு பெயரோடு. அதை மட்டும் எடுத்தால் முகம் தெரிந்துவிடும் என்பதற்காக மற்ற பெயர்களைப் போர்வையாகப் போர்த்தினார்கள். பாண்டியன் செய்த குற்றம் என்ன? அந்த வரிசையில் நின்றதுதான்.

பெயரே வைக்காமல் விட்டால் போட்டி ஒழியும் என்பதும் பொய்த்துப்போனது. மதுரை விமான நிலையத்துக்குத் தலைவர் பெயர் கிடையாது. முத்துராமலிங்கத் தேவர் பெயரைச் சூட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் கோரிக்கை. தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் பெயரைச் சூட்ட வேண்டும் என்று இன்னொரு பக்கம். வழக்கும் போயிற்று, தேர்தல் நேரத்து வாக்குறுதியும் ஆயிற்று. இடம் காலியாக இருப்பதாலேயே அங்கே எல்லாரும் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். பெயர் சூட்டுவதற்கு ஒரு நெறி இல்லாததுதான் சிக்கல். யார் பெயரை, யாரைக் கேட்டு, எந்த அளவுகோலில் வைப்பது என்று ஒரு முறை வகுத்திருந்தால் முடிந்திருக்கும். முறை வகுப்பது கஷ்டமான வேலை. சுண்ணாம்பு அடிப்பது சுலபம்.

நான்காவது மறுப்பு, மரியாதை பற்றியது. இதற்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. “திருவள்ளுவர் கவிழ்ந்தார், கட்டபொம்மன் மோதினார் என்றெல்லாம் செய்தி வந்தது” என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் பத்தாங்கிளாஸ் தாண்டாத ஒரு பருத்திக்காட்டுப் பிள்ளை நேசமணி என்ற பெயரையும் ஜீவா என்ற பெயரையும் முதலில் படித்தது பாடப்புத்தகத்தில் அல்ல, பஸ்ஸின் பக்கவாட்டில்தான். “இவரு யாருண்ணே?” என்று நடத்துனரைக் கேட்டிருக்கும். அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். சிலையைக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டி, பிறந்தநாளுக்கு ஏணி வைத்து மாலை போடுவதைவிட இது எந்த விதத்தில் மரியாதைக் குறைவு? தலைவர்கள் எங்கே பூட்டுக்குள் இருக்கிறார்கள் என்று மதுரைக் கோரிப்பாளையத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

ஐந்தாவது மறுப்பு. பெயரை மாற்றுவதும் பெயர் இருந்த தடத்தை ஒழிப்பதும் ஒன்றா?

பெயரே மாறக் கூடாது என்று வாதிட நான் வரவில்லை. டி.வி.எஸ். போய்ப் பாண்டியன் வந்தபோது முதலாளி மாறினார், பெயரும் மாறியது, நியாயம்தான். கடலோரத்தில் இது சர்வசாதாரணம். படகோ கப்பலோ கைமாறினால் புது உரிமையாளர் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் குலதெய்வத்தின் பெயரையோ மகளின் பெயரையோ எழுதுவார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம் தமிழ்த் தச்சர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். 1938-இல் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றபோது அதன் பெயர் ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன். ஓட்டிக்கொண்டு போனவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். பெயர் மாறியதால் கதை தொலைந்துபோகவில்லை. இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். இன்றுவரை அந்த ஊரார் அன்னபூரணி என்றே பெருமையோடு சொல்கிறார்கள்.

கப்பல் உலகத்தில் இதற்கு ஏற்பாடே உண்டு. பெரிய கப்பல் ஒவ்வொன்றுக்கும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் திட்டத்தில் ஏழு இலக்க எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. உரிமையாளர் மாறலாம், கொடி மாறலாம், பெயர் பத்து முறை மாறலாம். அந்த எண் மாறாது. பதிவேட்டைப் புரட்டினால் கப்பல் பிறந்ததிலிருந்து சுமந்த பெயர்கள் அத்தனையும் வரிசையாக வரும். புதுப்பெயர் வைக்கும் உரிமையும் இருக்கிறது, பழைய பெயரை மறைக்க முடியாத ஒழுங்கும் இருக்கிறது. 1997-இல் நாம் முதலாவதைச் செய்தோம், இரண்டாவதைக் கைவிட்டோம்.

பணிமனையில் எழுத்தை எடுப்பது எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் தண்ணீர் தெளித்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். எனாமல் பெயிண்ட் லேசில் விடாது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் பழைய எழுத்தின் மேலேயே எழுதி எழுதி அது தகட்டைவிட ஒரு நூல் தடிமனாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். தேய்த்துத் தேய்த்து ஓரம் மழுங்கியதும் பட்டி பார்த்து, காயவைத்து, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் வண்டியின் நிறத்தை அடிப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் ஒரு பக்கத்துக்கே அரைநாள் வேலை. மேலிடத்து அவசரத்தில் அரைநாள் வேலைக்கு ஏது நேரம்? தேய்க்காமல் மேலே அடித்துவிட்டால், மதுரை வெயிலில் நாலு மாதம் ஓடிய பிறகு, சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ‘பா’வின் காலும் ‘ண்’ணின் சுழியும் அப்படியே எழும்பித் தெரியும். பெயிண்டர்களுக்கு இது தெரிந்த விஷயம். தேய்க்காத எழுத்து போகாது. 

அரசு செய்தது தேய்க்காத வேலை. அடியில் இருந்த பகையை ஒரு நூல்கூடத் தேய்க்கவில்லை. அதன்மேல் புதுப்பெயரை அடித்துவிட்டது.

பெயர்களுக்கு மதிப்பே இல்லை, வெறும் எழுத்துதானே என்று சொல்பவர்களுக்கு ஒரு சமீபத்துச் செய்தி. 2025-இல் அரசு பஸ்களில் ‘அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்று மட்டும் இருக்கிறது, ‘தமிழ்நாடு’ எங்கே என்று பிரச்சினை கிளம்பியது. ஒரு கட்சியினர் ஸ்டிக்கரும் கையுமாக நிலையம் நிலையமாகப் போய் ஒட்டினார்கள். அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு சொல் விடுபட்டதற்கே இவ்வளவு என்றால், வந்து சில வாரத்தில் ஒரு பெயர் துடைக்கப்பட்டபோது அந்தச் சமூகத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க அதிகக் கற்பனை தேவையில்லை.

ஆறாவது மறுப்பு இன்றைய காரியங்களுக்கு. 1997-ஐ முன்னுதாரணமாகக் காட்டித் தொடங்கும் எல்லாப் பெயர்மாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதை நான் வரவேற்கிறேன். அந்தச் சொல் ஓர் ஊரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அங்கே குடியிருப்பவன் எந்தச் சாதி என்று முகவரியிலேயே காட்டிக்கொடுத்தது. வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளை முகவரி எழுதும்போது கூசியது. நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, பள்ளிகளின் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அதிலும் நியாயம் உண்டு; படிக்கப் போகிற இடத்தின் பெயர்ப்பலகை பிள்ளையின் சாதியைச் சொல்லக் கூடாது. இவை இழிவுபடுத்தும், அடையாளம் குத்தும் பெயர்கள். சுமப்பவனே இறக்கி வைக்கச் சொல்லும் சுமை. சுந்தரலிங்கம் அந்த ரகமா? அது கௌரவிக்கும் பெயர். அதை எடுக்கச் சொன்னவர்கள் சுமந்தவர்கள் இல்லை, பொறுக்காதவர்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ‘சாதிப்பெயர் நீக்கம்’ என்று ஒரே கோப்பில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் தெரு, குடியிருப்பு, நீர்நிலைகளின் சாதிப்பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. அதே மாதம், சில நாள் இடைவெளியில், கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. ‘நாயுடு’வும் சாதிப்பெயர்தானே என்றால், விஞ்ஞானி பெயரை வெட்ட முடியாது என்றார்கள், சரிதான். அப்படியானால் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது, அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். 1997-க்கும் அதே அளவுகோலை வையுங்கள். 

இந்த அளவுகோல் இல்லாவிட்டால் மதுரைக்கு என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். எழுத்தாணிக்காரத் தெரு என்பது தொழிலா, சாதியா? பட்டியல் போடும் குமாஸ்தா மேசையிலிருந்தபடியே முடிவு செய்வாரா? அந்தத் தெருவில் குடியிருப்பவர்களை யார் கேட்பார்கள்? உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு இந்த அரசாணை வந்து சேர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. பலகையை மாற்றுவது மலிவு, படம் எடுத்துப் போடலாம் என்பதால்தான் எல்லா அரசுக்கும் அது பிடிக்கிறது. 2025 ஜூலையில் நலத்துறை விடுதிகளெல்லாம் ‘சமூகநீதி விடுதி’ ஆயின. நல்ல பெயர். பெயரெழுதிய பெயிண்டர் கிளம்பிய பிறகு உள்ளே போய்க் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்த அதிகாரி எத்தனை பேர்?

ஆகவே கேட்பது மூன்று. ஒன்று, பஸ்ஸிலிருந்து பெயரை எடுத்ததுதான் தென்மாவட்டத்துக்கு அமைதி கொண்டுவந்தது என்று அரசு மேடைகளிலும் கட்டுரைகளிலும் எழுதுவதை நிறுத்துங்கள். மேலவளவும் பாப்பாபட்டியும் மதுரை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இரண்டு, மதுரை பைபாஸ் சாலையில் இருக்கும் கழகத் தலைமையகத்தில் தொடங்கி ஒவ்வொரு பணிமனை வாசலிலும், அந்தக் கழகம் எந்தெந்தப் பெயரில் எந்தெந்த ஆண்டு ஓடியது, எதற்காகப் பெயர் போனது என்று ஒரு பலகை வையுங்கள். விருதுநகர் பலகையில் ‘வீரன் சுந்தரலிங்கம், 1997’ என்று எழுத வேண்டியிருக்கும், எழுதுங்கள். மூன்று, இனி எந்தத் தெருவின் பெயரைத் தொடுவதானாலும் அங்கே குடியிருப்பவர்களைக் கூட்டிக் கேளுங்கள், பழைய பெயரை மாநகராட்சிப் பதிவேட்டில் புதுப்பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.